வீட்டில் ஒருவருக்குக் கேன்சர்: கூட இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கிறிஸ்தவ வீடுகளில் இரண்டு ஃபோன் போகும். ஒன்று பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சொந்தக்காரருக்கு. இன்னொன்று சபைப் போதகரான ஐயருக்கு. இரண்டுமே சரிதான். ஆனால் அதற்கப்புறம் வரும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கூட இருப்பவர் என்ன செய்வது, எதைப் பேசுவது, எப்படி ஜெபிப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. முதல் தடவையாக இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்குத்தான்.

நான் தென்தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். அந்தப் பழக்கத்தில்தான் எழுத வரும். நீங்கள் கத்தோலிக்கர் என்றால் ஐயர் என்ற இடத்தில் ஃபாதர் என்றும், பெந்தெகொஸ்தே சபை என்றால் பாஸ்டர் என்றும் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் விசுவாசம் எவ்வளவு என்று அளக்கும் வேலையைக் கர்த்தர் நமக்குக் கொடுக்கவில்லை. நமக்குக் கொடுத்தது, 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்று கலாத்தியர் 6:2 சொல்லும் வேலை. எதைச் செய்வதற்கு முன்னாலும், இது அவர் பாரத்தைக் குறைக்குமா கூட்டுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. யாரிடம் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்

செய்தி தெரிந்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் 'அவசர ஜெபக் குறிப்பு' போய்விடுகிறது. பெயர், ஊர், எந்த உறுப்பில் கட்டி, எத்தனையாவது ஸ்டேஜ், சில சமயம் ரிப்போர்ட்டின் ஃபோட்டோவும்கூட. போட்டவர் நல்ல மனசோடுதான் போட்டிருப்பார். மார்பிலோ கர்ப்பப்பையிலோ கட்டி இருக்கிற ஒரு அக்காவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் முதலில் நோயாளியிடம் கேளுங்கள். "சபையில சொல்லலாமா? பேரைச் சொல்லலாமா? என்ன நோய்னு சொல்லலாமா?" இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். 'உடல்நலம் இல்லாத ஒரு சகோதரிக்காக' என்று சொன்னாலே போதும், யாருக்காக என்று கர்த்தருக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. ஊருக்கெல்லாம் தெரியும், நோயாளிக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." இது பெரும்பாலும் பலிக்காது. கேன்சர் ஆஸ்பத்திரி என்று வாசலில் போர்டு இருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஒரே நாளில் எல்லாக் கதையையும் சொல்லிவிடுவார். தெரிந்தும் தெரியாதது மாதிரி அப்பா நடிக்க, சொல்லாமலே நீங்கள் நடிக்க, கடைசியில் அவர் தனியாகிவிடுவார். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடலாம்: "டாக்டர் சொல்றதை எல்லாம் நீங்களே கேட்டுக்கிறீங்களா, இல்ல நான் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?" சிலர் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். அது அவர் உரிமை.

2. ஒரு ஃபைல், ஒரு நோட்டு, ஒரு ஆள்

இந்த வேலை ஜெபத்துக்கு எதிரி இல்லை. லூக்காவைப் பவுல் 'பிரியமான வைத்தியன்' என்றுதான் எழுதினார். எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று வாக்குக் கொடுத்த அதே ஏசாயாதான், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். 'பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும்' என்பது ஆண்டவரே சொன்னது. மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவு என்று போதிக்கிற சபைகள் உண்டு, தெரியும். அந்தப் போதனையை நம்பி, அறுவை சிகிச்சையில் எடுத்துவிடக்கூடிய கட்டியை எடுக்க முடியாத அளவுக்கு வளரவிடுவதை நான் விசுவாசம் என்று சொல்ல மாட்டேன்.

ஃபைலில் ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில் இருக்கட்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு இரண்டு நகல் எடுத்து, எல்லாவற்றையும் மொபைலிலும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். சோதனைக்கு எடுத்த சதையை வைத்திருக்கும் ஸ்லைடும் (கண்ணாடித் தகடு) பிளாக்கும் (மெழுகுக் கட்டி) பயாப்ஸி எடுத்த லேபில் இருக்கும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதையும் கேட்பார்கள். எங்கே வாங்க வேண்டும் என்று முதலிலேயே தெரிந்துவைத்தால் ஒரு வாரம் மிச்சம்.

நோட்டில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை முன்கூட்டியே எழுதுங்கள். எந்த வகைக் கேன்சர், எவ்வளவு பரவியிருக்கிறது? சிகிச்சையின் நோக்கம் முழுக்கக் குணமாக்குவதா, கட்டுப்படுத்தி வைப்பதா? எத்தனை சைக்கிள், அதாவது எத்தனை சுற்று கீமோ, எத்தனை நாள் ரேடியேஷன்? ராத்திரியில் காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? சிகிச்சையின் நோக்கம் என்ன என்று கேட்கத்தான் எல்லோருக்கும் பயம். ஆனால் அதன் பதிலைப் பொறுத்துத்தான் வீட்டை விற்பதா வேண்டாமா என்பது வரை எல்லாமே இருக்கிறது.

டாக்டர் அறைக்குள் போகும் ஆள் முடிந்தவரை ஒருவராகவே இருக்கட்டும். தடவைக்கு ஒரு ஆள் போனால், அண்ணன் கேட்டது ஒன்று, மதினி சொல்வது வேறொன்று என்றாகிவிடும்.

எங்கே போவது என்பது உங்கள் ஊரையும் பணத்தையும் பொறுத்தது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954இல் தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிவைத்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு ரயிலில் போகிறவர்கள் காட்பாடியில் இறங்க வேண்டும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நெய்யூரில் சி.எஸ்.ஐ. மிஷன் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கேன்சர் சென்டர் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளையும் எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஓட வேண்டிய சிகிச்சைக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே ஒரு பெரிய வசதி.

பணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வரும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி டிக்கெட் கவுன்டரில் கொடுக்க வேண்டும். இது இருப்பதே தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போய்வருகிறவர்கள் ஏராளம். சபைக்கு வரும் ரயில்வே ஊழியர் யாராவது இருந்தால் அவரைப் பிடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் முள்சீத்தாப் பழக் கஷாயம் போன்றவற்றைப் பற்றி ஒரு வரி: டாக்டரிடம் சொல்லாமல் எதுவும் கொடுக்காதீர்கள். சில மருந்துகளோடு அவை மோதும்.

3. ஜெபிப்பதற்கு முன் கேளுங்கள்

யாக்கோபு 5:14ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதை ஒரு தடவை மெதுவாக வாசித்துப் பாருங்கள்: 'உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக.' கூப்பிடுகிறவன் நோயாளி. மூப்பர்கள் அவன் கூப்பிட்டபின் வருகிறார்கள், பஸ் பிடித்து இருபது பேராகத் திடீரென்று வந்து இறங்கவில்லை.

ஆகவே வருகிற எல்லோரையும் கட்டிலுக்கு விடாதீர்கள். நீங்கள் வாசல் காவலாளாக நிற்பதில் தப்பே இல்லை. "சித்தி இப்பதான் கண்ணசந்தாங்க, நாம முன்ரூம்ல ஜெபம் பண்ணிடுவோம்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியே கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கட்டில் பக்கத்தில் ஜெபிக்கும்போது சத்தம் குறையட்டும், நேரமும் குறையட்டும். கீமோ போட்டு வந்த மறுநாள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு படுத்திருக்கிறவருக்கு, உரத்த குரலில் முக்கால் மணி நேரம் நடக்கும் ஜெபம் ஒரு தண்டனை. "இன்னைக்கு எதுக்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். வரும் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். கேன்சர் குணமாக வேண்டும் என்பதைவிட, நாளைக்கு ஊசி போட நரம்பு சீக்கிரம் கிடைக்க வேண்டும், மலச்சிக்கல் தீர வேண்டும், மகளுக்குப் பரீட்சை நல்லபடியாக முடிய வேண்டும் என்பார்கள். அதற்கே ஜெபியுங்கள்.

குணமாகும்படி கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். கேட்காமல் இருப்பதுதான் விநோதம். கெத்செமனேயில் ஆண்டவர் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதான் முதலில் கேட்டார், உம்முடைய சித்தம் ஆகக்கடவது என்பது அதற்குப் பின்னால் வந்தது. நாமும் அந்த இரண்டையும் அந்த வரிசையில் சொல்லலாம். ஆனால் கேட்டபடியே நடந்தாக வேண்டும் என்று நோயாளியின் காதில் ஆணையிட்டுச் சொல்லாதீர்கள். நடக்காவிட்டால் பழி யார்மேல் விழும் என்று யோசியுங்கள். பவுலின் உறுமால்கள் பட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதே பவுல், 'துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்' என்றும் எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனங்களுக்கு அவர் சொன்னதும் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பதுதான்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'நான் உன்னைக் குணமாக்குகிற கர்த்தர்' என்று அட்டையில் வந்ததால் நாலாவது சைக்கிள் வேண்டாம் என்று யாராவது சொன்னால், அட்டையை மதித்தே பேசுங்கள்: அந்த வசனத்தைச் சொன்ன கர்த்தர் அதை அந்த மருந்தின் வழியாகவும் செய்ய முடியாதா என்ன? முடிவை ஐயரும் டாக்டரும் இருக்கும்போது பேசி எடுக்க வைத்தால் நல்லது.

4. எண்ணெய், திருவிருந்து, உபவாசம்: உடம்பு சம்பந்தப்பட்ட சில எச்சரிக்கைகள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இவை ஆஸ்பத்திரியில் யாரும் உங்களிடம் சொல்லாதவை, ஏனென்றால் நாம் இப்படியெல்லாம் செய்வோம் என்று அவர்களுக்குத் தோன்றாது.

ரேடியேஷன், நம் ஊர் வழக்கில் 'கரண்ட் வைக்கிறது', தொடங்குவதற்கு முன்னால் தோலில் மையால் கோடுகள் போட்டு அனுப்புவார்கள். கதிர் எங்கே பட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. அழியக் கூடாது. ஜெப எண்ணெய் கொண்டுவரும் ஒரு பெரியம்மா பாசத்தோடு கட்டி இருந்த இடத்திலேயே நன்றாகத் தேய்த்துவிட்டால் கோடு போய்விடும். தினமும் கதிர் படும் தோல் ஏற்கனவே வெந்து கறுத்திருக்கும், அதன்மேல் எண்ணெயோ தைலமோ டாக்டரைக் கேட்காமல் படக் கூடாது. நெற்றியில் ஒரு சொட்டு பூசினால் போதும். கத்தோலிக்கரின் நோயில் பூசுதலில் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும்தான் எண்ணெய் பூசுகிறார்கள்.

கீமோ போட்டபின் சுமார் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறையும். 'கவுன்ட் இறங்கியிருக்கு' என்பார்கள். அந்த நாட்களில் நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவரைப் படுக்கையில் தள்ளிவிடும். முப்பது பேர் கதவைச் சாத்திக்கொண்டு பாடும் வீட்டு ஜெபக்கூட்டத்தை அந்த வாரத்தில் வைக்காதீர்கள். தலையில் கைவைத்து ஜெபிக்க வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும், இருமலும் சளியும் உள்ளவர் வாசலிலிருந்தே ஜெபிக்கட்டும். திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கும் சபை என்றால், இவருக்குத் தனியாகச் சின்ன கப்பில் தரும்படி ஐயரிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள். திருத்தலத்திலிருந்து பாட்டிலில் வரும் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கண்டிப்பாக வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள். ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமியோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். ஜெபத்தை ஆட்டோவில் போகும்போது செய்துகொள்ளலாம்.

உபவாசம் இருக்க வேண்டியவர் நோயாளி இல்லை. லெந்து நாட்களில் அம்மா பிடிவாதம் பிடிப்பார், "நாப்பது வருஷமா இருக்கேன்" என்பார். ஐயரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளைகள் சொன்னால் எடுபடாது. அவருக்காக நீங்கள் உபவாசம் இருக்கலாம், அதுவும் காவலுக்கு இருக்கிற நாள் தவிர.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: வாய்ப்புண் வந்தால் காரம், புளி, சூடு மூன்றும் எதிரி. இட்லியைப் பாலிலோ தயிரிலோ குழைத்துக் கொடுக்கலாம், குழைந்த பருப்புச் சாதம், முட்டை, ஆறின கஞ்சி. நாக்கில் இரும்பு ருசி அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை. சாப்பிடவில்லை என்று சண்டை போடாதீர்கள்.

தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் என்றால் முகத்துக்கு அச்செடுத்த மாதிரி ஒரு மாஸ்க் செய்து, அதை மேஜையோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். ஆடக் கூடாது. அறைக்குள் அவரைத் தவிர யாரும் இருக்க முடியாது. சில நிமிஷம்தான், ஆனால் முதல் நாள் மூச்சு முட்டுவது மாதிரி இருக்கும். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தை உள்ளுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். 23ஆம் சங்கீதம் அதற்கு நல்ல நீளம். வெளியே பெஞ்சில் நீங்களும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதாக அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

5. யோபுவின் நண்பர்கள் எதுவரை சரியாக இருந்தார்கள்

எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். வந்தார்கள், அழுதார்கள், ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில், தம்மைப்பற்றி அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே அவர்கள்மேல் கோபப்படுகிறார். கர்த்தருக்கு வக்காலத்து வாங்கிப் பேசியவர்கள்மேல்!

நம் வீடுகளில் அந்த மூன்று பேரும் வேறு வேறு பெயரில் வருவார்கள். "வீட்டில ஏதாவது மறைவான பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க." "கர்த்தர் நேசிக்கிறவங்களைத்தான் சிட்சிப்பார்." "எங்க கொழுந்தியாளுக்கும் இதேதான், மூணே மாசம்." "விசுவாசத்தோட இருங்க, பயப்பட்டா சுகம் வராது." "வெத்திலை போடாதீங்கன்னு அப்பவே சொன்னேன்." கடைசியாகச் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், வாய்ப் புற்றுக்குப் புகையிலை ஒரு பெரிய காரணம்தான். ஆனால் அந்த மனுஷனுக்கு அது தெரியாதா? பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் இயேசு. பாவக்கணக்குப் பார்க்கும் அந்த விசாரணையை நீங்கள் உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

அப்புறம் என்னதான் பேசுவது? "என்ன சொல்றதுன்னே தெரியல அத்தை, ஆனா நான் இங்கதான் இருப்பேன்." இது போதும். கிரிக்கெட் பேசலாம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பேசலாம். வரும் ஒவ்வொருவரும் முகத்தைத் தொங்கப்போட்டு நோயையே பேசினால் அவருக்கு அலுத்துவிடும். லாசரு எழும்பப் போகிறான் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். நீங்களும் அழலாம், அதை விசுவாசக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. கர்த்தர்மேல் கோபம் வந்தால்

ஒருநாள் அது வரும். முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்திய மனுஷி, "எனக்கு ஏன்? நான் என்ன செஞ்சேன்?" என்பார். வேதத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்பார். உடனே பதறிப்போய் அவரைத் திருத்த வேண்டாம்.

'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். அதிலாவது முடிவில் ஒரு பாட்டு வருகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லாமல், சிநேகிதரும் போனார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நோயாளி கேட்கத் தயாராக இருந்தால் இந்த இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். கூடவே விளக்கம் வேண்டாம். தயாராக இல்லையென்றால், அவருக்குப் பதிலாக நீங்கள் கொஞ்ச நாள் ஜெபித்துக்கொண்டிருங்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு 'அவர்கள் விசுவாசத்தை' கண்டார் என்றுதான் மாற்கு எழுதுகிறார்.

ராத்திரியில் தூங்காமலே இருக்கிறார், எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்று பேசுகிறார் என்றால், அது ஜெபத்தோடு டாக்டரிடமும் கொண்டுபோக வேண்டிய விஷயம். மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு.

7. சபையிடம் குறிப்பாகக் கேளுங்கள்

"என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு "பரவாயில்லை ஐயா" என்று நாமும் சொல்லிவிடுவோம். இரண்டு பேருமே மரியாதைக்குச் சொன்னது.

பதிலாக ஒரு பட்டியல் போட்டு, ஐயரம்மாவிடமோ பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளரிடமோ கொடுத்துவிடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாடு, காரமில்லாமல். சின்னவனை ஸ்கூலிலிருந்து கூட்டி வர ஒரு ஆள். ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்கத் தயாராக இருக்கும் வாலிபர்களின் பெயரும் குரூப்பும். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்க ஒரு ஆள். மின்சாரக் கட்டணம், ரேஷன், கேஸ் புக்கிங் இவற்றைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சி. இப்படிக் குறித்துக் கேட்டால் செய்கிறவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கவரில் போட்டு, நோயாளிக்குத் தெரியாமல், வீட்டில் செலவைப் பார்க்கிறவர் கையில் கொடுங்கள். ஆராதனையில் அறிவித்துக் கொடுக்க வேண்டாம். முதல் மாதமே எல்லோரும் கொடுத்துத் தீர்த்துவிடவும் வேண்டாம். பழத்தட்டோடு வரும் கூட்டம் முதல் இரண்டு வாரம் நெருக்கியடிக்கும், நாலாவது மாதம் வீடு காலியாக இருக்கும். கைப்பணமும் அப்போதுதான் தீர்ந்திருக்கும். உதவி செய்ய நினைப்பவர் அந்த நாலாவது மாதத்துக்கு வாருங்கள்.

8. காவல் இருக்கிறவர் விழுந்துவிடக் கூடாது

சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்து, இரண்டு டீயோடு நாளை ஓட்டுகிறவர் இந்தப் பகுதியை வாசிப்பது நல்லது.

வாரத்தில் அரை நாளாவது வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். உங்கள் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள். மோசேயின் கைகள் அசந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள், கல்லை வைத்து உட்காரவும் வைத்தார்கள். உங்களுக்கு அந்த இரண்டு பேர் யார் என்று இப்போதே முடிவு செய்து, அவர்களிடம் சொல்லியும் வையுங்கள். முக்கியமாக, பார்த்துக்கொள்வதெல்லாம் மருமகள் தலையிலும் சம்மதம் சொல்வதெல்லாம் மகன் கையிலும் என்று இருக்கும் வீடுகளில் மருமகளை யாராவது ஒருநாள் "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேளுங்கள்.

9. இனி சிகிச்சை பலன் தராது என்று டாக்டர் சொன்னால்

அப்போது செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம் கிடையாது. வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கும் பாலியேட்டிவ் சிகிச்சை என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. உண்மையில் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முன்னாடியே அவர்களைப் பார்ப்பது நல்லது. மார்ஃபின் மாத்திரை என்றதும் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காக எடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பது என்று யாராவது சொன்னால், அவருக்குப் பல்வலி வந்தபோது என்ன செய்தார் என்று கேட்கலாம்.

இந்த நேரத்தில் நோயாளி சாவைப் பற்றிப் பேச வந்தால், "சும்மா இருங்க, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் நாம், சாவு என்ற சொல்லுக்கு நாமே பயந்தால் எப்படி? யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பத்திரம் எங்கே இருக்கிறது, உயில் எழுத வேண்டுமா, எந்தப் பாட்டைப் பாட வேண்டும், எந்தக் கல்லறையில் வைக்க வேண்டும் என்று அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தெளிவாக இருக்கும்போதே ஐயரை வரச்சொல்லித் திருவிருந்து வாங்கிவிடட்டும். பேரப்பிள்ளைகளை உள்ளே விடுங்கள். ஐசியூவில் குழாய் போடுவதா, வீட்டுக்குக் கூட்டிப்போவதா என்ற கேள்வி திடீரென்று வரும். அவர் விருப்பத்தை முன்னாலேயே கேட்டுவைத்திருந்தால் அன்றைக்கு அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வராது.

10. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு

பலர் நன்றாகி வருவார்கள். வந்ததும் சபையில் சாட்சி சொல்லச் சொல்லி நெருக்குவார்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் சொல்லட்டும், இல்லையென்றால் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கட்டும். சாட்சி சொல்லும்போது, அந்தக் கூட்டத்தில் போன மாதம் இதே நோயில் புருஷனைப் புதைத்த ஒருத்தியும் உட்கார்ந்திருப்பாள். "விசுவாசிச்சதால பிழைச்சேன்" என்ற ஒரு வரியை அவள் எப்படிக் கேட்பாள் என்று யோசித்துப் பேசச் சொல்லுங்கள்.

'சுகமாகிவிட்டது, இனி ஆஸ்பத்திரி வேண்டாம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். செக்கப் தேதிகள் வருஷக்கணக்கில் தொடரும். ஸ்கேனுக்கு முந்தின வாரம் அவருக்குத் தூக்கம் வராது, சின்ன முதுகுவலிக்கும் பயப்படுவார். அடுத்த ஸ்கேன் தேதியை உங்கள் மொபைலில் போட்டுவையுங்கள். அன்றைக்கு லீவு எடுத்துக் கூடப் போங்கள், வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களா என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டு, ஸ்கேன் முடிந்ததும் சாப்பிட இட்லி கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.